நேர்மையை யார் வேண்டாம் என்றார்கள்?

வணக்கம் சார்,

வியாசர்பாடியில் இருந்து எழுதுகிறேன். துறைமுகப் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன். சமூகப்பணி ஃபெலோஷிப் ஒன்றுக்கு விண்ணப்பிக்கிறேன். என் விழுமியங்கள், நம்பிக்கைகள் பற்றி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். நேர்மறையாக எழுதவும் என்று குறிப்பு வேறு. நேர்மை, கடின உழைப்பு, மனித கண்ணியம், 'கல்வி எல்லாவற்றையும் மாற்றும்' என்று நான்கு பத்தி எழுதினேன். வாசித்தால் பள்ளி ஆண்டுவிழாப் பேச்சு மாதிரி இருக்கிறது.

இன்னொரு உறுத்தலும் உண்டு. இப்போதைய வேலைக்கு அண்ணா நகரில் உள்ள சித்தி வீட்டு முகவரியைத்தான் கொடுத்தேன். வியாசர்பாடி முகவரியோடு அனுப்பிய எதற்கும் பதில் வரவில்லை. இப்படிப்பட்ட நான் முதல் வரியில் நேர்மை என்று எழுதலாமா?

கே.

அன்புள்ள கே.,

எழுதலாமா என்பதை அப்புறம் பார்ப்போம். நேர்மை எனக்குப் பிடிக்காது என்று எழுதி யாராவது விண்ணப்பம் அனுப்புவார்களா? உங்களோடு விண்ணப்பிக்கிற அத்தனை பேரும் அதைத்தான் எழுதியிருப்பார்கள். ஒரு நல்ல மனிதரே படித்துவிட்டு "எனக்கு அப்படித் தோன்றவில்லையே" என்று சொல்ல இடமிருந்தால்தான் அது உங்கள் வாக்கியம். உங்கள் நான்கு பத்தியில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் கடிதத்தில் இருக்கிறது, அந்த முகவரி விஷயம்.

வடசென்னையில் இது புதிதல்ல. வியாசர்பாடி, காசிமேடு, தண்டையார்பேட்டை என்று போட்டால் கூப்பிட மாட்டார்கள் என்று சொந்தக்காரர் வீட்டு முகவரியைக் கொடுத்தவர்கள் எனக்குத் தெரிந்தே நிறைய பேர். நான் இதைப் பெரிய பொய்யாக நினைக்கவில்லை. பின்கோடு பார்த்து ஆளை ஒதுக்குகிறவர் செய்யும் தப்பு இதைவிடப் பெரிது. உங்களுக்கு அப்படித் தோன்றாமல் போகலாம், அது வேறு. ஒரு பக்கம் உண்மை, இன்னொரு பக்கம் வீட்டுச் செலவு. இரண்டும் மோதியபோது நீங்கள் ஒன்றை விட்டுக்கொடுத்தீர்கள். மறுபடி அதே நிலைமை வந்தால் என்ன செய்வீர்கள்? கொடுப்பேன் என்றாலும் சரி, கொடுக்க மாட்டேன் என்றாலும் சரி, காரணத்தோடு எழுதுங்கள். இரண்டில் எதை எழுதினாலும் படிக்கிறவருக்கு உங்களைப் பற்றி ஏதோ தெரியவரும். நேர்மை என்ற சொல் அந்தப் பத்தியில் வராவிட்டாலும் குறையில்லை.

கல்வி பற்றிய பத்திக்கு வருகிறேன். கடின உழைப்பும் கண்ணியமும் நீங்கள் தேர்ந்துகொள்வது. அதை யாரும் பொய்யென்று நிரூபிக்க முடியாது. கல்வி எல்லாவற்றையும் மாற்றும் என்பது உலகம் எப்படி இருக்கிறது என்பதைப் பற்றிய கணிப்பு, சரிபார்க்கலாம். உங்கள் கடிதமே அதைச் சரிபார்த்துவிட்டதே! படிப்பு இருந்தது, பதில் வரவில்லை. சித்தி வீட்டு முகவரி போட்டதும் வந்தது. அப்படியும் தினமும் சாயங்காலம் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் நடத்துகிறீர்கள் என்றால், 'எல்லாவற்றையும் மாற்றும்' என்பதைவிடச் சின்னதாக, ஆனால் உறுதியாக ஏதோ ஒன்றை நம்புகிறீர்கள். அது என்ன என்று யோசியுங்கள். இந்த ஒரு பத்திக்கு ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை.

கண்ணியம் என்ற சொல்லையும் கொஞ்சம் தரையில் இறக்க வேண்டும். 1918-ல் உங்கள் பக்கத்துப் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவான சமயத்தில் பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்னாடிக்) துணி மில் தொழிலாளர்கள் சொன்ன குறைகளில் ஒன்று, மத்தியானம் சாப்பிட நேரம் போதவில்லை என்பது. கண்ணியம் அங்கே சாப்பாட்டு இடைவேளையாக வந்தது. உங்கள் அலுவலகத்தில், உங்கள் தெருவில் அது எதுவாக வருகிறது?

நேர்மறையாக எழுதச் சொல்கிறார்கள் என்கிறீர்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஏழுகிணற்றில் வளர்ந்த வள்ளலார், கந்தகோட்டத்து முருகனிடம் என்னென்ன வேண்டும் என்று கேட்கும் பாட்டு உங்களுக்குத் தெரிந்திருக்கும். தமிழில் ஒரு மனிதர் தன் விழுமியங்களை ஒரே மூச்சில் சொன்ன இடம் என்றால் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும். அதில் உத்தமர் உறவு வேண்டும் என்ற கையோடு, உள்ளே ஒன்று வைத்து வெளியே ஒன்று பேசுகிறவர்களின் உறவு கலக்கக் கூடாது என்றும் கேட்கிறார். யாரோடு சேர மாட்டேன், எதைச் செய்ய மாட்டேன் என்பதும் சேர்ந்தால்தான் ஆள் முழுசாகத் தெரிவார். நீங்களும் அப்படி இரண்டு வரி சேருங்கள். குறிப்பை மீறியதற்காகத் தள்ளிவிட மாட்டார்கள்.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வியாசர்பாடி என்றதும் கால்பந்தால் வந்த 'மினி பிரேசில்' பட்டப்பெயர், குத்துச்சண்டை, கேரம், கானா என்று ஒரு பத்தி எழுதக் கை பரபரக்கும். தேர்வுக்குழுவுக்கும் அது பிடிக்கும். நீங்கள் பந்து விளையாடியவராக இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் வேண்டாம். ஏரியாவுக்குப் பிரதிநிதியாக உங்களை யாரும் அனுப்பவில்லை.

எழுதி முடித்ததும் உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அமெரிக்கத் தலைவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தனக்கு வேண்டிய நற்குணங்கள் என்று 12 எழுதி வைத்திருந்தார். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த நண்பர் ஒருவர், உங்களுக்குக் கர்வம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள் என்று பக்குவமாகச் சொன்னார். அப்படித்தான் பணிவு 13-வதாகச் சேர்ந்தது. உங்களுக்குக் குவேக்கர் தேவையில்லை, டியூஷனில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் இருப்பார்களே. வாசித்துக் காட்டுங்கள். "அக்கா, நீங்க அப்படியெல்லாம் இல்லையே" என்று எந்த வரியில் சிரிக்கிறார்களோ, அதை மாற்றிவிட்டு அனுப்புங்கள்.