பெஞ்சில் உட்கார்ந்த மிட்ஃபீல்டரை எடுக்கலாமா?

வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் கால்பந்து கிளப் சென்னை லீகில் கீழ்ப் பிரிவு ஒன்றில் ஆடுகிறது. மேல் பிரிவில் ஆடும் ஓர் அலுவலக அணியில் ஸ்டைபெண்டுக்கு (உதவித்தொகைக்கு) ஆடும் 26 வயது மிட்ஃபீல்டர் (நடுக்கள ஆட்டக்காரர்), சென்ற சீசன் முழுவதும் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டு, இப்போது எங்களிடம் வர விரும்புகிறார். ஒரு காலத்தில் அவர் ஆட்டத்தைப் பார்க்கவே முல்லை நகர் மைதானத்தில் கூட்டம் கூடும். கமிட்டியில் பாதிப் பேர் “உடனே எடுங்கள்” என்கிறார்கள், மீதிப் பேர் “அங்கே ஆகாதவர் இங்கே எதற்கு?” என்கிறார்கள். நாங்கள் என்ன முடிவெடுப்பது?
– கிளப் செயலாளர் ஒருவர், வியாசர்பாடி

பதில்: உங்கள் கமிட்டியில் ஒரு தரப்பு அவருடைய பழைய ஆட்டத்தைப் பார்க்கிறது, இன்னொரு தரப்பு அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்க்கிறது. அவர் ஏன் உட்கார வைக்கப்பட்டார் என்று இரு தரப்பிலும் யாரும் விசாரித்ததாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. முடிவு அந்த விசாரணையைப் பொறுத்தது.

ஒரு மிட்ஃபீல்டர் பெஞ்சுக்குப் போவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும். அவர் ஆடும் இடத்தில் அவரைவிடத் தேர்ந்தவர் ஒருவர் ஏற்கெனவே நிலைத்திருப்பார், அல்லது பயிற்சியாளர் வகுக்கும் ஆட்டத்தில் அந்த இடமே இருக்காது. மார்ட்டின் ஓடகார்டு 2020இல் வேறு கிளப்புக்குத் தற்காலிகமாக ஆடும் கடன் ஒப்பந்தம் முடிந்து ரியல் மாட்ரிட்டுக்குத் திரும்பியபோது, நடுக்களத்தில் மோட்ரிச், குரூஸ், காசெமீரோ மூவரும் அசைக்க முடியாதவர்களாக இருந்தார்கள். 2021 ஜனவரியில் கடனாக அவரை எடுத்த ஆர்சனல், அதே ஆண்டு ஆகஸ்டில் சொந்தமாக்கிக்கொண்டு, 2022இல் கேப்டனாகவும் ஆக்கியது. செல்சியில் வாய்ப்புக் கிடைக்காமல் 2014 ஜனவரியில் வோல்ஃப்ஸ்பர்குக்கு விற்கப்பட்ட கெவின் டி புருய்ன, அடுத்த ஆண்டே மான்செஸ்டர் சிட்டிக்குப் போய், பிரீமியர் லீகின் மிகச் சிறந்த மிட்ஃபீல்டர்களில் ஒருவராகப் பெயர் எடுத்தார். இவர்களின் ஆட்டத்தில் பழுது இல்லை; இருந்த இடம்தான் பொருந்தவில்லை.

இந்த இரண்டும் தவிர, இன்னொரு காரணம் உடலிலும் மனத்திலும் இருக்கும். அது வெளியே எளிதில் தெரியாது. லீட்ஸில் பயிற்சியாளர் பியல்சாவின் கீழ் தடுப்பு அரணுக்கு முன்னால் நின்று ஆட்டத்தை நடத்திய கெல்வின் ஃபிலிப்ஸை 2022இல் மான்செஸ்டர் சிட்டி வாங்கியது. முதலில் தோள்பட்டை அறுவை சிகிச்சை. பிறகு கத்தார் உலகக் கோப்பை முடிந்து எடை கூடித் திரும்பியதாகப் பயிற்சியாளர் குவார்டியோலா வெளிப்படையாகவே சொன்னார். பின்னாளில் அதற்காக மன்னிப்பும் கேட்டார். அந்தச் சீசனில் லீகில் ஃபிலிப்ஸ் தொடக்க வரிசையில் இறங்கியது இரண்டே ஆட்டங்களில். அவருடைய இடத்தில் ரோட்ரி இருந்தார் என்பதும் உண்மைதான். ஆனால் 2024 ஜனவரியில் வெஸ்ட் ஹாம் அவரைக் கடனாக எடுத்தபோது ரோட்ரி குறுக்கே இல்லை. போர்ன்மத்துக்கு எதிரான முதல் ஆட்டத்தில், தொடங்கிய சில நிமிடங்களிலேயே அவர் பின்னோக்கித் தட்டிய பந்து தவறிப் போய் எதிரணிக்குக் கோலானது. ஒன்றரை ஆண்டு சரியாக ஆடாத ஒருவருக்கு முதலில் மழுங்குவது காலின் திறமை அல்ல, முடிவெடுக்கும் வேகம். பந்து வருவதற்கு முன்பே அதை எங்கே அனுப்பலாம் என்று பார்த்து வைக்கும் பழக்கம் ஆட்டத்திலேயே வளர்கிறது, ஆட்டம் இல்லாமல் போனால் அதுவும் போய்விடுகிறது.

ஆகவே நீங்கள் முதலில் கேட்க வேண்டியது அந்த அலுவலக அணியின் கோச்சை அல்ல. அவர் நாசூக்காகத்தான் பதில் சொல்வார். அந்த அணியில் இந்த மிட்ஃபீல்டரோடு சேர்ந்து பயிற்சி எடுத்த வேறொரு ஆட்டக்காரரைத் தேடிப் பிடியுங்கள். வடசென்னையில் அது ஒரு பெரிய காரியமே இல்லை. பெயர்ப்பட்டியலில் தன் பெயர் இல்லை என்று தெரிந்த மறுநாள் காலையில் இவர் பயிற்சிக்கு எத்தனை மணிக்கு வந்தார் என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கு நேர்மையான பதில் கிடைத்தால், பத்துப் பழைய கோல்களின் வீடியோவைப் பார்ப்பதைவிட அதிகம் தெரிந்துகொள்ளலாம்.

அடுத்து, அவரை உங்கள் பயிற்சிக்கு ஒரு வாரம் வரச் சொல்லி, முழு நீள ஆட்டம் ஒன்றில் இறக்கிப் பாருங்கள். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆட்டத்தில் பார்த்து முடிவு செய்துவிட வேண்டாம். பெஞ்சில் இருக்கும் பலர் ஞாயிற்றுக்கிழமைகளில் டர்ஃபில் செவன்ஸ் ஆடிக் கையில் கொஞ்சம் காசு பார்க்கிறார்கள், அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் சிறிய களத்தில் பந்தைக் காலடியில் ஒட்டவைத்துக்கொண்டு மூன்று பேரைச் சுற்றி வரும் ஒருவர், பதினொருவர் ஆடும் களத்தில் 70ஆவது நிமிடத்துக்குப் பிறகு தன் பாதிக்குத் திரும்பி ஓடுவாரா என்பதை அந்த ஆட்டம் காட்டாது. அவரிடம் பந்து இருக்கும்போது எல்லாரும் அவரைப் பார்ப்பார்கள். நீங்கள் பந்து இல்லாத நேரத்தில் பாருங்கள். பாஸ் தன்னிடம் வருவதற்கு முன் தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று பார்க்கிறாரா? பந்தை இழந்தவுடன் இடுப்பில் கை வைத்து நிற்கிறாரா, உடனே துரத்துகிறாரா? இவை இரண்டும் சரியாக இருந்தால் மூச்சுவாங்குவதைப் பொருட்படுத்த வேண்டாம். அதை ஆறு வாரப் பயிற்சியில் சரிசெய்யலாம்.

இவை எல்லாம் தேறினாலும், உங்கள் அணியில் அவருக்கு எந்த இடம் காலியாக இருக்கிறது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. இந்தக் கேள்வியைப் பெரிய கிளப்புகளே கேட்கத் தவறுகின்றன. 2019 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் டாட்டன்ஹாமுக்கு எதிராக அயாக்ஸுக்கு வெற்றிக் கோல் போட்ட டானி வான் டி பீக்கை, 2020இல் மான்செஸ்டர் யுனைடெட் பெரும் விலைக்கு வாங்கியது. பெனால்டி பகுதிக்குள் கடைசி நொடியில் நுழைவதுதான் அவருடைய பலம். அந்த வேலையைச் செய்ய அங்கே ப்ரூனோ ஃபெர்னாண்டஸ் ஏற்கெனவே இருந்தார். பிறகு எவர்ட்டனுக்குக் கடனாகப் போயும் அவரால் காலூன்ற முடியவில்லை. தேவை இல்லாத இடத்துக்கு ஆள் எடுத்தால் அவர் மீண்டும் பெஞ்சில்தான் உட்காருவார், இம்முறை உங்கள் பெஞ்சில்.

என் முடிவைக் கேட்டால், எடுங்கள். ஆனால் ஒரே ஒரு சீசனுக்கு. ஸ்டைபெண்டின் ஒரு பகுதியை அவர் ஆடும் ஆட்டங்களோடு இணைத்துவிடுங்கள். அந்த அலுவலக அணியிடமிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) கையில் வந்து, அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் இணையப் பதிவு முறையில் மாற்றம் பதிவாகும்வரை போட்டி ஆட்டம் எதிலும் இறக்காதீர்கள். பதிவாகாத ஆட்டக்காரரை இறக்கினால் வென்ற ஆட்டமும் கைவிட்டுப் போகும். 2017–18 சீசனில் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கோப்பையை வென்ற சென்னையின் எஃப்சி அணியில் இருந்த மிட்ஃபீல்டர் தனபால் கணேஷ் உங்கள் வியாசர்பாடிக்காரர்தான். அவரைப் போன்றவர்கள் வளர்ந்த இடத்தில் நல்ல மிட்ஃபீல்டரை அடையாளம் காண வெளியாள் யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பழைய பாசம் கண்ணை மறைக்காமல் இருந்தால் போதும்.

கேள்வி: ஆட வைக்க விருப்பம் இல்லாத வீரரைப் பெரிய கிளப்புகள் விற்றுவிடாமல் ஏன் கடனாக அனுப்பிக்கொண்டே இருக்கின்றன?
– வாசகி ஒருவர், ராயபுரம்

பதில்: கணக்குப் புத்தகம்தான் காரணம். ஒருவரை வாங்கிய விலையைக் கிளப்புகள் ஒரே ஆண்டில் செலவாக எழுதுவதில்லை. ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதுகின்றன. மேலே சொன்ன ஃபிலிப்ஸின் விலை சுமார் 4.2 கோடி பவுண்டு, ஒப்பந்தம் ஆறு ஆண்டு. அப்படியானால் ஆண்டுக்கு 70 லட்சம் பவுண்டு செலவு. இரண்டு ஆண்டு கழிந்த பின்னும் கணக்கில் 2.8 கோடி மீதி நிற்கும். அந்த நேரத்தில் யாராவது ஒன்றரைக் கோடிக்குக் கேட்டால், கொடுத்த அன்றே 1.3 கோடி நட்டம் எழுத வேண்டும். கடனாக அனுப்பினாலோ நட்டம் எழுத வேண்டியதில்லை, சம்பளத்தில் ஒரு பங்கையும் கடனாக எடுக்கும் கிளப் ஏற்றுக்கொள்ளும். (2023 முதல் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏ இப்படிப் பிரிப்பதற்கு ஐந்து ஆண்டு என்று வரம்பு விதித்துவிட்டது.)

சொந்த அகாடமியில் வளர்ந்தவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாகும். அவருக்கு வாங்கிய விலை என்று ஒன்று இல்லாததால் விற்கும் தொகை முழுவதும் லாபமாக ஏறும். ஸ்காட் மெக்டோமினேயை 2024 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட் நப்போலிக்கு விற்றதில் இந்தக் கவர்ச்சிக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் முதல் சீசனிலேயே இத்தாலிய லீகில் 12 கோல் போட்டு, அணி பட்டம் வெல்ல உதவி, லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதையும் வாங்கினார். கணக்கர் மகிழ்ந்திருப்பார், ரசிகர்கள் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை.

கேள்வி: ஐஎஸ்எல் கிளப்புகள் வெளிநாட்டில் ஒதுக்கப்பட்ட மிட்ஃபீல்டர்களை மலிவாக எடுக்கலாம் அல்லவா?
– வாசகர் ஒருவர், பெரம்பூர்

பதில்: எடுக்கலாம், ஆனால் மலிவு என்பது மட்டும் காரணமாக இருக்கக் கூடாது. 2021–22 சீசனிலிருந்து களத்தில் ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டவருக்கு மேல் இறங்க முடியாது என்றானதால், அந்த நான்கு இடங்களில் ஒன்றை ஆட்டப் பழக்கம் விட்டுப்போனவருக்குக் கொடுப்பது பெரும் துணிச்சல். முன்பருவப் பயிற்சி முழுவதிலும் அணியோடு இருந்தவரானால் யோசிக்கலாம். சீசன் நடுவில் வந்து இறங்குபவர் நம் ஊர்ப் புழுக்கத்தில் கால் பழகுவதற்குள் பாதி ஆட்டங்கள் முடிந்திருக்கும்.

கேள்வி: ஆட்டமே கொடுக்காமல் உட்கார வைத்தால், ஆட்டக்காரர் தானாக ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள முடியாதா?
– கல்லூரி மாணவர் ஒருவர், கொருக்குப்பேட்டை

பதில்: ஒப்பந்தம் செய்துகொண்ட தொழில்முறை ஆட்டக்காரராக இருந்தால் முடியும். நிலைபெற்ற ஆட்டக்காரர் ஒருவர் ஒரு சீசனில் தன் கிளப்பின் அதிகாரபூர்வ ஆட்டங்களில் 10 சதவீதத்துக்கும் குறைவானவற்றில்தான் ஆடினார் என்றால், அதையே காரணமாகக் காட்டி விலக ஃபிஃபாவின் மாற்றல் விதி இடம் தருகிறது. கிளப் 40 ஆட்டம் ஆடியிருந்தால், இவர் ஆடியது நான்குக்குக் கீழே இருக்க வேண்டும். சீசனின் கடைசி அதிகாரபூர்வ ஆட்டம் முடிந்த 15 நாட்களுக்குள் இதைச் செய்தாக வேண்டும். தடை விதிக்க மாட்டார்கள். ஆனால் கிளப்புக்கு இழப்பீடு கொடுக்க நேரலாம். காயத்தால் ஆடாமல் போனது போன்ற சூழ்நிலைகளையும் கணக்கில் எடுப்பார்கள்.

இழப்பீட்டுக்கு அஞ்சுபவர்கள் பொறுமையாக இருப்பதே வழக்கம். ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதங்களில் வேறு கிளப்போடு முன்கூட்டியே கையெழுத்திட அதே விதி அனுமதிக்கிறது. மே 31 அன்று ஒப்பந்தம் முடிபவர் டிசம்பர் பிறந்ததும் புதிய கிளப்போடு கையெழுத்திட்டுவிட்டு, சீசன் முடிந்ததும் மாற்றல் தொகை ஏதும் இல்லாமல் போய்ச் சேரலாம்.