கரிசல் இலக்கியம் என்று தனியாக ஒன்று உண்டா?

கேள்வி: கரிசல் இலக்கியம் என்று தனியாக ஒன்று இருக்கிறதா, அல்லது கோவில்பட்டிப் பக்கத்துப் பேச்சுவழக்கில் எழுதினால் அதற்கு இந்தப் பெயரா? எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

இருக்கிறது. ஆனால் பேச்சுவழக்கைப் பிடித்துக்கொண்டு அதைத் தேடினால் வழி தப்பிவிடும். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் என்று நீளும் இந்தப் பகுதியில் ஊருக்கு ஊர், சாதிக்குச் சாதி பேச்சு மாறும். போதாததற்கு வீட்டுக்குள் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம். கரிசல் எழுத்தின் முன்னத்தி ஏர், அதாவது முன்னோடி, என்று எல்லோரும் சொல்லும் கி. ராஜநாராயணனுக்கே (கி.ரா.) வீட்டு மொழி தெலுங்குதான்.

எல்லோருக்கும் பொதுவாக இருப்பது மண், கரிசல் என்கிற கறுப்பு மண். நான் இந்தப் பக்கத்து ஆள் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். இது மானாவாரி பூமி. புரட்டாசியில் மழை வரும் என்று நம்பிக் காய்ந்த புழுதியிலேயே விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மழை ஏமாற்றினால் விதையும் உழவுக்கூலியும் வீண். பதமாகப் பெய்தால் கம்பு, உளுந்து, பருத்தி. மழை விட்டதும் காட்டுக்குள் (விளைநிலத்தை இங்கே அப்படித்தான் சொல்வோம்) இறங்கினால் நாலு எட்டு வைப்பதற்குள் செருப்பில் மண் அப்பிக்கொண்டு காலைத் தூக்க முடியாது. அதே மண் சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். காடு கைவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை.

இப்படி வருடா வருடம் மழையோடு சூதாடும் சம்சாரியின், அதாவது விவசாயியின், மனநிலையிலிருந்துதான் இந்த எழுத்து பிறந்தது. அழுது வடியாது, கஷ்டத்தைச் சொல்லும்போதே ஒரு குசும்பும் கூடவே வரும். கி.ரா.வின் ‘கதவு’ கதையில் குழந்தைகள் கதவில் தொற்றிக்கொண்டு ஆடுகிறார்கள். கதவுதான் பஸ், டிக்கெட் கூட உண்டு. ஒருநாள் தீர்வை (நிலவரி) பாக்கிக்காக அந்தக் கதவையே கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஜப்தி செய்ய வந்தவர்களுக்கு அந்த வீட்டில் எடுத்துப்போக வேறு எதுவும் இல்லை. பஞ்சத்தைப் பற்றி ஒரு பக்கம் விவரித்திருந்தாலும் இந்த ஒரு காரியத்துக்கு ஈடாகாது.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் இடைசெவல்தான் கி.ரா.வின் ஊர். அவரும் கு. அழகிரிசாமியும் 1923இல் அதே ஊரில் பிறந்தவர்கள், இளம்பருவ நண்பர்கள். இருவருக்கும் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அழகிரிசாமிக்கு 1970இல், கி.ரா.வுக்கு 1991இல். ஒரு சின்னக் கிராமத்துக்கு இது அதிகம்தான்!

எட்டயபுரத்தில் பாரதி பிறந்தார். உமறுப்புலவர் அந்த அரண்மனையில் புலவராக இருந்தார். இரண்டு பேரும் இதே கரிசலில் நடமாடியவர்கள்தான். ஆனாலும் அவர்களைக் கரிசல் எழுத்தாளர்கள் என்று யாரும் சொல்வதில்லை. சம்சாரியும் கூலிக்காரரும் கதையின் நடுவில் வந்து உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பெயர் பிறந்தது என்று நினைக்கிறேன்.

அடையாளம் என்று வரும்போது எனக்குப் பிடித்தது, இந்த இலக்கியம் தனக்குள்ளேயே போடும் சண்டை. 1976இல் வந்த கி.ரா.வின் ‘கோபல்ல கிராமம்’ நாவல், ஆந்திரத்திலிருந்து தப்பி வந்தவர்கள் காட்டைத் திருத்தி ஊரை உண்டாக்கிய கதை. பெருமிதம் நிறைந்த கதை. பாட்டி சொல்லக் கேட்பது போல இருக்கும். மூன்றே ஆண்டுகளில், 1979இல், பூமணியின் ‘பிறகு’ வந்தது. அதே கரிசல்தான். ஆனால் பார்ப்பது தோல் வேலை செய்யும் அழகிரியின் இடத்திலிருந்து. ஊரை உண்டாக்கியவர்கள் பெருமையாகச் சொன்ன ஊர், அந்த ஊரின் விளிம்பில் இருப்பவருக்கு எப்படித் தெரியும் என்பதைப் பூமணி குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டார். பிறகு 2012இல் ‘அஞ்ஞாடி’யில் 1895ஆம் ஆண்டுக் கழுகுமலைக் கலவரம், 1899ஆம் ஆண்டுச் சிவகாசிக் கலவரம் வரைக்கும் போனார். சோ. தர்மனின் ‘சூல்’ (2016) நாவல் ஒரு கண்மாயின், அதாவது ஊர் ஏரியின், கதை. சமஸ்தானக் காலத்தில் ஊரே கூடிப் பேணிய கண்மாய் சுதந்திரத்துக்குப் பிறகு சீரழிவதைச் சொல்கிறது. கரிசல் என்றால் எது, யாருடையது என்று இவர்கள் ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதுதான் அடையாளமாகத் தெரிகிறது.

கி.ரா. 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி கொண்டுவந்தார். பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலையைத் தனி மனிதராக முன்னின்று செய்தார். அதற்குப் பிறகு வந்தவர்களில் சிலர், பத்து வட்டாரச் சொல்லையும் ஒரு கருவேல மரத்தையும் தூவிவிட்டால் கரிசல் கதை ஆகிவிடும் என்று நினைத்துக்கொண்டார்கள். உங்கள் சந்தேகத்துக்குக் காரணம் அவர்களாகத்தான் இருக்கும். வட்டாரச் சொல் மட்டும் அடையாளம் இல்லை என்பதற்குக் கோவில்பட்டிக் கவிஞர் தேவதச்சனைப் பாருங்கள், அவர் கவிதைகளில் வட்டாரச் சொல்லைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

‘கதவு’ கதையில் தொடங்குங்கள். கூடவே அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’. அடுத்து ‘கோபல்ல கிராமம்’, ‘பிறகு’ இரண்டையும் இடைவெளி விடாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் படியுங்கள். தனித்தனியாகப் படித்தால் மேலே சொன்ன சண்டை காதில் விழாது. ‘அஞ்ஞாடி’ ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும். அதை நீண்ட விடுமுறைக்கு ஒதுக்கி வையுங்கள்.