பெரிய ரிசார்ட்டா, சின்ன கேசினோவா?

ஓட்டல் மேனேஜ்மென்ட் முடித்த மகள் கேசினோ (சூதாட்ட விடுதி) வேலைக்குப் போகிறேன் என்றதும் நீங்கள் பதறியது புரிகிறது, அம்மா. அவளும் சூதாடத் தொடங்கிவிடுவாளோ என்ற பயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். கேசினோக்களுக்குப் பேர்போன சீனப் பகுதியான மக்காவ்வில் 2019 டிசம்பர் முதல், ஒருசில விலக்குகள் தவிர, கேசினோ ஊழியர்கள் வேலை நேரத்துக்கு வெளியே சூதாட்டக் கூடத்துக்குள் நுழையவே சட்டம் தடை போட்டிருக்கிறது. எனக்கு அதைவிடக் கவலை, ராத்திரி ஷிப்ட்தான். பல கேசினோக்கள் 24 மணி நேரமும் இயங்குபவை. அவள் உடம்பு அதைத் தாங்குமா என்று முதலில் பேசுங்கள்.

இனி அவள் கேட்ட கேள்வி: பெரிய ரிசார்ட்டில் சேர்வதா, சின்ன வட்டார கேசினோவில் சேர்வதா? லாஸ் வேகஸ், சிங்கப்பூர் போன்ற இடங்களின் ரிசார்ட்டுகளுக்கு ஆட்கள் விமானம் ஏறி வருகிறார்கள், தங்குகிறார்கள். லாஸ் வேகஸில் பெரிய ரிசார்ட்டுகள் வரிசையாக நிற்கும் சாலையான ஸ்ட்ரிப்பில் இருபது வருடங்களுக்கு மேலாக அறை, சாப்பாடு, கச்சேரி, மாநாடு எல்லாம் சேர்ந்து ஈட்டும் வருமானம் சூதாட்டத்தைத் தாண்டிவிட்டது. சிங்கப்பூரில் 2010இல் திறந்த மெரினா பே சாண்ட்ஸ் ரிசார்ட்டில் மாநாட்டு மையம், கடைகள், அருங்காட்சியகம் எல்லாம் உண்டு. அங்கெல்லாம் உங்கள் மகளின் படிப்புக்கு நேரடியாக வேலை இருக்கிறது. நாளைக்கு கேசினோவே இல்லாத ஓட்டலுக்கும் அந்த அனுபவம் செல்லும்.

வட்டார கேசினோவின் கதை வேறு. ஒன்றிரண்டு மணி நேரம் கார் ஓட்டி வருபவர்கள் சில மணி நேரம் ஆடிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். காசு போட்டு ஆடும் ஸ்லாட் மெஷின்தான் பிரதான வருமானம். ஓட்டல் பக்கம் சிறியது, இல்லாமலும் இருக்கும். ஆனால் ஆள் குறைவு என்பதால் ஒருவரே நாலு வேலை கற்றுக்கொள்ளலாம், சூப்பர்வைசர் பதவியும் சீக்கிரம் வரலாம். அதற்கு மேல் ஏறத்தான் படிகள் குறைவு.

கட்டடம் பெரிதாக இருந்தால் வேலை பத்திரம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள அட்லாண்டிக் சிட்டியில் முதல் கேசினோ 1978இல் வந்தது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் 2006 முதல் கேசினோக்கள் திறக்க, காரில் வந்துகொண்டிருந்த கூட்டம் கரைந்தது. 2014இல் மட்டும் நான்கு கேசினோக்கள் மூடப்பட்டன. அதில் ஒன்றான ரெவெல், சுமார் 240 கோடி டாலரில் கட்டி 2012இல் திறந்தது! அதனால் வாடிக்கையாளர் எங்கிருந்து வருகிறார், அவருக்கு அருகிலேயே இன்னொன்று திறந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

டீலர், அதாவது மேஜையில் சீட்டுப் போட்டு ஆட்டத்தை நடத்துபவர், ஆகும் ஆசை இருந்தால் ஒரு விஷயம். லாஸ் வேகஸில் சின்ன இடத்தில் கை பழகி, அப்புறம் ஸ்ட்ரிப்பில் ஆடிஷனுக்கு (மேஜையில் ஆட்டத்தை நடத்திக் காட்டும் தேர்வுக்கு) போவது பழைய வழி. அங்கே டிப்ஸ்தான் வருமானத்தில் பெரும்பங்கு. ஆனால் மக்காவ்வில் டீலர் வேலை உள்ளூர்வாசிகளுக்கு மட்டுமே. வெளிநாட்டுக்காரருக்கு மேஜைப் பக்கக் கதவு குறுகல், ஓட்டல் பக்கம் கொஞ்சம் அகலம். என்னைக் கேட்டால், பெரிய ரிசார்ட்டின் விருந்து அல்லது மாநாட்டுப் பிரிவில் தொடங்கச் சொல்வேன்.

விண்ணப்பிக்கும் முன், உரிமச் செலவு யாருடையது, டிப்ஸ் எப்படிப் பிரிக்கப்படுகிறது, வேறு பிரிவுக்கு மாற வழி உண்டா என்று அவள் கேட்கட்டும். சூதாட்டக் கூடத்து வேலைக்கு உரிமம் தரும் அமைப்புகள் போலீஸ் வழக்கு, கடன் நிலவரம் இரண்டையும் துருவிப் பார்ப்பது வழக்கம். கல்விக் கடன் தவணை பாக்கி இருந்தால், இப்போதே கட்டி ரசீதை எடுத்து வையுங்கள்.