நடுவில் ஒரு கோடு

கேள்வி: நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறேன். பக்கத்து மேஜைக்காரர் யூதப் பெண்மணி, நல்ல சிநேகிதி. ஆங்கிலத்தில் கடவுளை ‘காட்’ (God) என்று எழுதும்போது ‘ஓ’வுக்குப் பதில் ஒரு கோடு போடுவார். ஒரு வாழ்த்து அட்டையில் அதைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிட்டேன். போன வாரம், அவர் வீட்டுக் கல்யாணத்தில் கொடுத்த சின்னப் பிரார்த்தனைப் புத்தகத்தைக் குப்பைக்கூடையில் போட்டேன். அவர் எதுவும் பேசாமல் எடுத்துத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மனசு உறுத்துகிறது. இனி நானும் கோடு போட வேண்டுமா?

பதில்: அட்டையை விடுங்கள், அது சின்ன விஷயம். உறுத்த வேண்டியது அந்தப் புத்தகம்தான்.

யூதர்களின் கடவுளுக்கு எபிரேயத்தில் நான்கு மெய்யெழுத்துகளில் ஒரு பெயர் உண்டு. அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பிரார்த்தனையில் ‘அதோனாய்’ என்பார்கள்; சாதாரணப் பேச்சில் ‘ஹஷேம்’, அதாவது ‘அந்தப் பெயர்’. தமிழ் பைபிளின் பழைய ஏற்பாட்டில் ‘கர்த்தர்’ என்று வரும் இடங்களில் பெரும்பாலும் மூலத்தில் இருப்பது அந்த நான்கு எழுத்துதான். எண்களைக்கூட எபிரேயத்தில் எழுத்தால் குறிக்கிறார்கள் இல்லையா, 15-ஐப் பத்தும் ஐந்துமாக எழுதினால் அந்தப் பெயரின் பாதி வந்துவிடுகிறது. அதனால் ஒன்பதும் ஆறுமாக எழுதுகிறார்கள்!

ஆனால் எழுதவே கூடாது என்றில்லை. எழுதியதை அழிக்கக் கூடாது, அதுதான் விஷயம். எங்காவது எழுதிவைத்தால் ஒருநாள் யாராவது கிழிப்பார்கள், குப்பையில் போடுவார்கள். அதற்கான முன்ஜாக்கிரதைதான் கோடு. ஆங்கிலச் சொல்லுக்கு அது தேவையில்லை என்று சொல்லும் ரபிகள், அதாவது யூத மதகுருக்கள், நிறைய உண்டு. உங்கள் சிநேகிதி ஒருபடி கூடுதல் கவனம். ஆகவே நீங்கள் கோடு போட வேண்டாம். அவர் போட்டதைத் திருத்தாமல் இருந்தால் போதும்.

புத்தகத்தில் எபிரேயத்தில் அந்தப் பெயரே அச்சாகியிருக்கும். பழசானால் அப்படிப்பட்ட தாள்களை ‘கெனிசா’ என்ற அறையிலோ பெட்டியிலோ சேர்த்துவைத்துப் பிறகு புதைப்பது வழக்கம். கெய்ரோவில் பென் எஸ்ரா ஜெபக்கூடத்தில் அப்படிச் சேர்ந்து, புதைக்கப்படாமலே கிடந்தவற்றில் ஏறத்தாழ 2 லட்சம் துண்டுகள் இப்போது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. பிரார்த்தனை மட்டுமல்ல, கடைக் கணக்கு, மலபார் கரையோடு வியாபாரம் செய்தவர்களின் கடிதம் எல்லாம் அதில் உண்டு.

சாமி படம் போட்ட கல்யாணப் பத்திரிகையைக் குப்பையில் போடக் கை வராமல் அலமாரியில் அடுக்கிவைக்கும் வீடுதானே நம்முடையதும்? அதையே அவரிடம் சொல்லுங்கள். “தெரியாமல் போட்டுவிட்டேன், மன்னியுங்கள். எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கட்டு இருக்கிறது” என்றால் போதும். அப்புறம், அந்தப் புத்தகத்தை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்று கேளுங்கள். மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கப் பேசுவார்.