குரூப்பில் அரசியல் சண்டை: பதில் எழுதுவதா, பேசாமல் இருப்பதா?

ஒரு வாசகரின் கேள்வி, சுருக்கமாக. கல்லூரி நண்பர்கள் அறுபது பேர் உள்ள வாட்ஸ்அப் குரூப். பிறந்தநாள் வாழ்த்து, பழைய போட்டோ என்று நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. இப்போது காலையில் ஏதாவது ஒரு அரசியல் செய்தி வந்து விழுகிறது, ராத்திரி வரை சண்டை. போன வாரம் இவருடைய பழைய அறைத்தோழர், "நேற்றைய போராட்டத்தில் நடந்த தடியடி" என்று ரத்தக் காயத்தோடு ஒரு படம் போட்டிருக்கிறார். படம் பழையது என்று இவருக்குத் தெரியும். "இது பொய். ஃபார்வர்ட் பண்றதுக்கு முன்னாடி கொஞ்சமாவது யோசிக்கணும்" என்று எழுதியிருக்கிறார். நாற்பது மெசேஜ் ஓடியது, கடைசியில் நண்பர் குரூப்பை விட்டே வெளியேறிவிட்டார், போன் செய்தாலும் எடுப்பதில்லை. "நான் சொன்னது உண்மைதானே? இனிமேல் கண்டும் காணாமல் இருந்துவிடவா, இல்லை பதில் சொல்வதா? சொன்னால் எப்படிச் சொல்வது?"

முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். சும்மா இருக்க வேண்டாம், எழுதுங்கள். ஆனால் படம் போட்டவரை மடக்குவதற்காக எழுதாதீர்கள், வாயே திறக்காமல் படித்துக்கொண்டிருக்கிற மற்ற ஐம்பது பேருக்காக எழுதுங்கள். நண்பரிடம் பேச வேண்டியதைத் தனியாகப் பேசுங்கள். செய்திகளைச் சரிபார்க்கப் பயிற்சி கொடுக்கிற வேலையில் பல வருஷமாக இருக்கிறேன், எனக்கு வருகிற கேள்விகளில் பாதி இதே மாதிரிதான், இந்த இரண்டு வேலையையும் ஒரே மெசேஜில் செய்யப் போவதால்தான் பல நட்புகள் கெடுகின்றன.

ஐம்பது பேர் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. இணையத்தை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்கிற ஜேக்கப் நீல்சன் 2006-ல் எழுதிய ஒரு கணக்கு உண்டு: இணையத்தில் கூடுகிறவர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் படிப்பதோடு சரி, 9 சதவீதம் பேர் எப்போதாவது எழுதுகிறார்கள், மீதி 1 சதவீதம் பேர்தான் பெரும்பாலானதை எழுதித் தள்ளுகிறார்கள். நண்பர்கள் குரூப்பில் அவ்வளவு கறாராக இருக்காது, ஆனாலும் உங்கள் குரூப்பில் சண்டை போடுகிறவர்களின் பெயரை எண்ணிப் பாருங்கள், இரண்டு கை விரல் தேவைப்படாது. மற்றவர்கள் எல்லாம் படிக்கிறார்கள். லெட்டிசியா போடே, எமிலி வ்ராகா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2015-லிருந்து இதைப் பலமுறை சோதித்திருக்கிறார்கள்: ஒரு தவறான தகவலை யாரோ திருத்துவதை ஓரமாக நின்று பார்க்கிறவர்களிடம் அந்தத் தவறான நம்பிக்கை குறைகிறது. நீங்கள் நினைக்கிறதைவிட உங்கள் ஒரு வரிக்கு மதிப்பு அதிகம், ஆனால் அது வேலை செய்கிற இடம் வேறு.

இப்போது உங்கள் மெசேஜைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம், ஏனென்றால் தப்பு அங்கேதான் நடந்திருக்கிறது. "இது பொய்" என்கிறீர்கள். பொய் என்று சொன்னாலே பொய் சொன்னவன் என்று ஒருவன் வந்துவிடுகிறான். உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை, வந்ததை நம்பி அனுப்பியிருக்கிறார். "பழைய படம்" என்றால் குற்றம் படத்தோடு நிற்கும், "பொய்" என்றால் ஆள்மேல் ஏறும். அடுத்து, "கொஞ்சமாவது யோசிக்கணும்". இதை அறையில் இருவர் மட்டும் இருந்தபோது சொல்லியிருந்தால் சிரித்துக்கொண்டே திட்டியிருப்பார். அறுபது பேர் முன்னால் எழுத்தில் வந்தபோது, அவருக்கு முன்னால் இருந்த வழி இரண்டே: தலைகுனிவது, இல்லை எதிர்த்து நிற்பது. அந்த நாற்பது மெசேஜும் படத்தைப் பற்றியது இல்லை, அவருடைய மானத்தைப் பற்றியது.

இப்படி எழுதியிருக்கலாம்: "மச்சி, இந்தப் படம் மூணு வருஷம் முன்னாடியே வந்திருக்கு, எடுத்த இடமும் வேற, லிங்க் கீழே போட்டிருக்கேன். நேத்து தடியடி நடந்தது உண்மைதான், செய்தியிலும் வந்திருக்கு. இந்தப் படம் மட்டும் அதோடது இல்ல." மூன்றே வாக்கியம். அவர் சொன்னதில் எது சரியோ அதை ஒப்புக்கொண்டாயிற்று, தவறை மட்டும் தனியாகப் பிரித்துக் காட்டியாயிற்று, ஆதாரம் கையோடு இருக்கிறது, பின்வாங்க அவருக்கு ஒரு கதவும் திறந்திருக்கிறது. "அட, ஆமாடா, எனக்கும் வேறொருத்தர் அனுப்பினது" என்று ஒரு வரியில் முடித்துக்கொள்ளலாம்.

திருத்தினால் ஆள் இன்னும் பிடிவாதமாகிவிடுவார், அதனால் பேசாமல் இருப்பதே மேல் என்று நிறையப் பேர் சொல்வார்கள். அதற்கு 2010-ல் வந்த ஓர் ஆய்வுதான் அடிப்படை. ஆனால் 2019-ல் தாமஸ் வுட், ஈதன் போர்ட்டர் இருவரும் 52 விஷயங்களை எடுத்துப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தபோது அந்த விளைவு அநேகமாக எங்கும் தென்படவில்லை. சரியான தகவலைக் கொடுத்தால் மனிதர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். என்ன, அதே ஆய்வாளர்கள் சேர்ந்து செய்த இன்னொரு ஆய்வில் தகவலைத் திருத்திக்கொண்டவர்கள் தங்களுக்குப் பிடித்த தலைவரை விட்டுவிடவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். படம் பழையது என்று ஒத்துக்கொண்ட நண்பர் மறுநாளும் அதே கட்சியில்தான் இருப்பார், அதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு.

எழுதுவதற்கு முன் நாம் சரியாக இருக்க வேண்டும், அது ஐந்து நிமிஷ வேலை. படத்தைச் சேமித்து, மேலே ஒட்டியிருக்கிற எழுத்தை வெட்டிவிட்டு, கூகுள் லென்ஸில் தேடுங்கள். டின்ஐ (TinEye) என்ற தளத்திலும் தேடலாம், அதில் மிகப் பழையது முதலில் வரும்படி வரிசைப்படுத்துகிற வசதி இருக்கிறது. நேற்று நடந்ததாகச் சொல்லும் படம் மூன்று வருஷம் முன்பே இணையத்தில் இருந்தால் கதை முடிந்தது. எதுவும் கிடைக்கவில்லை என்றால் படம் உண்மை என்று ஆகிவிடாது, இதில் பலர் சறுக்குகிறார்கள். வீடியோ என்றால் இடம் தெளிவாகத் தெரிகிற இரண்டு மூன்று இடங்களில் நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதைத் தேடுங்கள். செய்தி நிறுவனத்தின் பெயரில் வரும் கார்டு என்றால் அந்த நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள், லோகோவையும் எழுத்துருவையும் யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். ஏஐ உருவாக்கிய படத்தில் கை தப்பாக இருக்கும் என்று ஆறாவது விரலைத் தேடுகிற காலம் போய்விட்டது, யார் எடுத்தது, முதலில் எங்கே வந்தது என்று தேடுவதே உருப்படியான வழி.

தெரியாத தளம் என்றால் அந்தத் தளத்துக்குள்ளேயே உட்கார்ந்து படிக்காதீர்கள். ஸ்டான்ஃபோர்டில் 2017-ல் வரலாற்றாசிரியர்கள், மாணவர்கள், செய்தி சரிபார்ப்பவர்கள் மூன்று தரப்பையும் இணையத் தளங்களை மதிப்பிடச் சொன்னார்கள். படித்தவர்களே பளபளப்பான பக்கத்தைப் பார்த்து ஏமாந்தபோது, சரிபார்ப்பவர்கள் வந்த வேகத்தில் அந்தப் பக்கத்தை விட்டு வெளியே போய், அதைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று புதிய டேபில் தேடினார்கள். வாட்ஸ்அப்பில் மெசேஜ் மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். 2020-லிருந்து அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். அந்த அம்பைப் பார்த்தால் நீங்களும் ஒரு நிமிஷம் கையை எடுத்துவிடுங்கள்.

படத்தைவிட அதிகமாகச் சண்டை மூட்டுவது எண்கள். இதில் பெரும்பாலும் இரண்டு பேரும் சரியாகச் சொல்லிக்கொண்டே அடித்துக்கொள்கிறார்கள், பார்க்கவே கஷ்டமாக இருக்கும். ஒரு கட்சி போன தேர்தலில் 40 சதவீத ஓட்டு வாங்கியது, இந்தத் தடவை 44 என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தர் "நாலுதான் கூடியிருக்கு" என்கிறார், இன்னொருத்தர் "பத்து சதவீத வளர்ச்சி" என்கிறார். கூடியது 4 சதவீதப் புள்ளி, பழைய 40-ல் அந்த 4 என்பது பத்தில் ஒரு பங்கு, ஆகவே வளர்ச்சி 10 சதவீதம். இருவருமே சரி. பணவீக்கமும் அப்படித்தான். 6 சதவீதத்திலிருந்து 4-க்கு இறங்கினால் "விலை குறைந்துவிட்டது" என்று ஆளுங்கட்சிக்காரர் போடுவார், "கடைக்குப் போய்ப் பார்" என்று எதிர்க்கட்சிக்காரர் கத்துவார். 100-க்கு விற்றது முதல் வருஷம் 106 ஆகிறது, அடுத்த வருஷம் அதன்மேல் 4 சதவீதம் ஏறி 110-ஐத் தாண்டுகிறது. ஏறுகிற வேகம் குறைந்திருக்கிறது, விலை குறையவில்லை. இதை யாராவது ஒருவர் பொறுமையாக எழுதினால் இருபது மெசேஜ் மிச்சமாகும், அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.

அப்புறம், ஒரே மூச்சில் பன்னிரண்டு குற்றச்சாட்டு அடுக்கி ஒரு நீள மெசேஜ் வரும். பன்னிரண்டுக்கும் பதில் எழுத உட்காராதீர்கள். ஒன்றைச் சொல்ல ஒரு வரி போதும், அதை மறுக்க அரை மணி நேரம் ஆகும், இந்தக் கணக்கில் நீங்கள் ஜெயிக்கவே முடியாது. "இதில் மூன்றாவதை மட்டும் பார்த்தேன், அது இப்படி இருக்கிறது" என்று ஒன்றை எடுத்து முழுசாகச் சொல்லுங்கள். "அன்னைக்கு அவங்க ஆட்சியில நடந்தப்போ நீ எங்கே போயிருந்தே?" என்ற கேள்வியும் தவறாமல் வரும். கோபப்பட வேண்டாம். "அதுவும் தப்புதான். அதைத் தனியாப் பேசலாம், நானே ஆரம்பிக்கிறேன். இப்போ இது?" என்று கேளுங்கள். சொன்னபடி பிறகு ஆரம்பிக்கவும் வேண்டும், இல்லையென்றால் உங்கள் நியாயத்துக்கும் ஒரு கட்சி இருக்கிறது என்று மற்றவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள்.

எத்தனை தடவை பதில் சொல்வது? என் கணக்கு இரண்டு. முதல் பதிலில் ஆதாரம், அவர் உண்மையாகவே ஏதாவது கேட்டால் இரண்டாவதில் விளக்கம். மூன்றாவது பெரும்பாலும் நம் வீம்புக்காக எழுதுவதாக இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல் வந்ததற்குக் காலையில் எழுதுங்கள். பெரிய விபத்து, குண்டுவெடிப்பு போன்றவற்றில் முதல் சில மணி நேரத்தில் வரும் எண்ணிக்கையை வைத்து வாதாடவே வேண்டாம், அது மாறிக்கொண்டே இருக்கும். நக்கல் அறவே வேண்டாம். 2005-ல் குருகர், எப்லி முதலானோர் செய்த ஆய்வில், மின்னஞ்சலில் எழுதியவர்கள் தாங்கள் எழுதியது கிண்டலா நிஜமா என்பது 78 சதவீதம் புரியும் என்று நம்பினார்கள், படித்தவர்களுக்குச் சரியாகப் புரிந்தது 56 சதவீதம். நாணயத்தைச் சுண்டினாலே 50 வரும்.

நீங்களே தவறானதை அனுப்பிவிட்டீர்கள் என்றால் சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் போகாதீர்கள். ஒருமுறை ஒரு விபத்தில் இறந்தவர்களின் எண்ணிக்கையைத் தவறாகப் போட்டுவிட்டு, "காலையில் நான் போட்டது தவறு, சரியான எண் இது" என்று அதே குரூப்பில் எழுதினேன். அதுவரை என்னோடு மல்லுக்கு நின்ற ஒருவர் அன்று சாயங்காலம் தான் போட்ட இரண்டு செய்திகளை அனுப்பி, "இது சரியா பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டார். பல மாத வாதத்தில் நடக்காதது அது.

இதெல்லாம் கருத்து வேறுபாட்டுக்குச் சொன்னது. ஒரு சமூகத்தையே அடிக்கச் சொல்வது, ஒருவருடைய வீட்டு முகவரியைப் போடுவது, "பிள்ளை பிடிக்கிறவன்" என்று முகம் தெரிகிற படம் போடுவது, இவற்றோடு விவாதம் கிடையாது. இப்படிப்பட்ட வதந்தியை நம்பி ஆட்களை அடித்தே கொன்றிருக்கிறார்கள், ஃபார்வர்டுக்கு வாட்ஸ்அப் 2018-ல் எல்லை வைத்ததற்குக் காரணமே அந்தக் கொலைகள்தான். அட்மினிடம் சொல்லி உடனே நீக்கச் சொல்லுங்கள், செயலியில் புகார் செய்யுங்கள், ஆபத்து நேரடியாகத் தெரிந்தால் காவல்துறைக்குப் போங்கள்.

கடைசியாக உங்கள் நண்பர். போன் எடுக்கவில்லை என்றால் மெசேஜ் எழுதாதீர்கள், குரலில் அனுப்புங்கள். எதிர்க்கருத்து உள்ளவர் எழுதியதைப் படிப்பதற்கும் அதையே அவர் குரலில் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது, கேட்டவர்கள் அவரை அறிவும் உணர்வும் உள்ள மனிதராக மதிப்பது கூடுகிறது என்று 2017-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஒரு நிமிஷத்துக்குள் முடியுங்கள். படத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம். "மச்சி, எல்லார் முன்னாடியும் உன்னை அப்படிச் சொன்னது என் தப்பு. தனியா உன்கிட்ட சொல்லியிருக்கணும். எப்போ முடியுமோ கூப்பிடு." இதில் "ஆனால்" என்று ஒரு சொல்கூட வரக் கூடாது. நீல டிக் வந்து பதில் வரவில்லை என்றால் இரண்டு மூன்று வாரம் விடுங்கள், நடுவில் யாரையும் தூது அனுப்ப வேண்டாம், அட்மினிடம் சொல்லி அவரைத் திரும்பக் குரூப்பில் சேர்க்கவும் வேண்டாம். அந்தப் படம் இன்னும் குரூப்பில் கிடக்கிறது இல்லையா, அதன் கீழே, அவர் பெயர் இல்லாமல், படம் எப்போது எங்கே எடுத்தது என்று ஒரு வரியும் லிங்க்கும் மட்டும் போட்டுவிடுங்கள்.