எத்தனை பேரால் வகுக்கிறார்கள்?

கேள்வி: “என் மகள் அடுத்த ஆண்டு பல்கலைக்கழகம் செல்லவிருக்கிறாள். ஒரு மாணவருக்கு நிதியுதவி தேவையா என்பதைக் கல்லூரிகள் எதை வைத்து முடிவு செய்கின்றன? நானும் கணவரும் வேலை செய்கிறோம். நான்கறை வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு எங்கள் பெயரில் இருக்கிறது. ஆகவே விண்ணப்பிப்பதே வீண் என்கிறார்கள் உறவினர்கள். மாமியாரையும் சேர்த்து வீட்டில் ஆறு பேர். அமெரிக்காவிலும் இடம் கேட்டுப் பார்க்கலாமா என்று மகள் யோசிக்கிறாள்.”

அக்கா, உறவினர்களின் பேச்சை நம்பி விண்ணப்பத்தைக் கைவிட்டுவிடாதீர்கள். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களில் அரசு தரும் உதவி நிதிக்கு அளவுகோல் குடும்ப வருமானம். வீவக வீடு சொந்தமாக இருப்பது அதற்குத் தடையே இல்லை. இங்கே பெரும்பாலான குடும்பங்கள் வீவக வீட்டுக்குச் சொந்தக்காரர்கள்தாம். வீடு இருப்பவர்களுக்கு இல்லை என்றால் வேறு யாருக்குத்தான் கொடுப்பார்கள்?

கணக்கு பார்ப்பதற்கு எளியது. வீட்டில் சம்பாதிக்கும் அனைவரின் மாத வருமானத்தையும் கூட்டி, வீட்டிலுள்ள தலைகளின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். கிடைக்கும் எண்ணுக்குத் தனிநபர் வருமானம் என்று பெயர். அந்த எண் எந்தப் படியில் விழுகிறதோ அதற்கேற்ற தொகை கிடைக்கும். கீழ்ப்படிக்கு அதிகம், மேலே போகப் போகக் குறைவு, ஓர் எல்லைக்கு மேல் ஒன்றுமில்லை. அந்த எல்லைகளைக் கல்வி அமைச்சு அவ்வப்போது உயர்த்துகிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் பக்கத்து வீட்டுப் பையனுக்கு மறுத்துவிட்டார்கள் என்பது உங்கள் மகளுக்குச் சான்று ஆகாது. இவ்வளவு எளிய கணக்கில்தான் எங்கள் வீட்டில் தவறு நடந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2016இல் எனக்கு இடம் கிடைத்தபோது அப்பா கப்பல் பட்டறையில் வெல்டர். ஓவர்டைம் சேர்த்து மாதம் 3,400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அம்மா உணவங்காடி நிலையத்தில் காலை நேரத் துப்புரவு வேலை செய்து 900 வெள்ளி கொண்டுவந்தார். படிவத்தில் வருமானம் என்ற கட்டத்தைப் பார்த்ததும் அப்பா 2,700 என்று சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் கைக்கு வந்தது அவ்வளவுதான். ஆனால் படிவம் கேட்பது பிடித்தங்களுக்கு முந்திய தொகையை. சம்பளத்தில் 20 விழுக்காடு ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதிக்குப் போய்விடுகிறது, சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவுக்கு 7 வெள்ளி போகிறது. இவையெல்லாம் கழிவதற்கு முன் என்ன எண்ணோ அதைத்தான் எழுத வேண்டும். ஓவர்டைம், அலவன்ஸ், கமிஷன், போனஸ் ஆகியவையும் அதில் அடங்கும். இதைக் குறைத்து எழுதினால் சம்பளச் சீட்டும் சேம நிதி அறிக்கையும் காட்டிக்கொடுத்துவிடும். வேண்டுமென்று செய்யாத தவறுக்கு ஏன் ஒரு குடும்பம் தலைகுனிய வேண்டும்? இப்போது வீட்டிலுள்ளவர்கள் அரசின் மின்னடையாளமான சிங்பாஸ் வழியாக ஒப்புதல் கொடுத்தால் பல விவரங்கள் நேரடியாகவே போய்ச் சேர்கின்றன என்பது பெரிய நிம்மதி. டாக்சி ஓட்டுபவர், சொந்தமாகக் கடை வைத்திருப்பவர் போன்றவர்களுக்கு வருமான வரிக் கணிப்பு அறிக்கைதான் முக்கியச் சான்று. அதை முன்கூட்டியே எடுத்துவையுங்கள்.

இனி வகுக்கும் எண்ணுக்கு வருகிறேன். எல்லோரும் வருமானத்தைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். எத்தனை பேரால் வகுக்கிறார்கள் என்பதைப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், தம்பி, அப்பாவைப் பெற்ற பாட்டி என ஐந்து பேர். பாட்டி ஆறு ஆண்டுகளாக எங்களுடன் ஈசூனில்தான் இருந்தார். என் அறையில்தான் படுப்பார். அவருடைய நீரிழிவு மாத்திரைகளை நான்தான் எடுத்துக்கொடுப்பேன். ஆனால் அடையாள அட்டையில் அவருடைய முகவரி உட்லண்ட்ஸில் பெரியப்பா வீடாகவே இருந்தது. யாரும் மாற்றவில்லை. வீடு மாறிய 28 நாட்களுக்குள் புதிய முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அது எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. நிதியுதவிக் கணக்கில் வீட்டார் என்றால் ஒரே முகவரியில் வாழும் இரத்த உறவினர்களும் திருமண வழி உறவினர்களும்தான். முகவரிக்குச் சான்று அந்த அட்டை. ஆகவே பாட்டி கணக்கில் வரவில்லை.

4,300ஐ நான்கால் வகுத்தால் 1,075. ஐந்தால் வகுத்தால் 860. அந்த ஆண்டின் வரிசையில் இரண்டும் வெவ்வேறு படிகளில் விழுந்தன. வந்த கடிதத்தில் இருந்த தொகையைப் பார்த்துவிட்டு அம்மா ஒன்றும் சொல்லாமல் சமையலறைக்குப் போய்விட்டார். அன்று இரவு பாட்டி, “என்னால்தானே?” என்று கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. மறுநாளே பாட்டியை அழைத்துக்கொண்டு முகவரியை மாற்றினோம். மாற்றிய சான்றோடும், பாட்டியின் பலதுறை மருந்தகச் சீட்டுகளோடும் நிதியுதவி அலுவலகத்துக்கு மறுபரிசீலனைக் கடிதம் எழுதினேன். அங்கிருந்த அலுவலர் பொறுமையாகக் கேட்டார். ஐந்து பேராகக் கணக்கிட்டு முடிவைத் திருத்தினார்கள். மறுபரிசீலனை என்ற ஒன்று இருப்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. முதல் கடிதத்தை இறுதித் தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

வேலைக்குப் போகும் மூத்த பிள்ளை யாராவது வீட்டில் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் வீட்டுச் செலவுக்கு 200 வெள்ளிதான் தருகிறார் என்றாலும், கணக்கில் அவருடைய முழுச் சம்பளமும் சேரும். வகுக்கும் எண்ணில் அவர் ஒருவராகவும் சேர்வார்.

கணக்குக்குக் கண்ணில்லாத இடமும் ஒன்று இருக்கிறது. அம்மாவின் பெற்றோர் மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தார்கள். மாதம் தவறாமல் 300 வெள்ளி ஊருக்குப் போகும். அந்த இருவரும் எங்கள் பணத்தில்தான் வாழ்ந்தார்கள், ஆனால் வகுக்கும் எண்ணில் வரவில்லை. மருத்துவமனைக் கடன், அண்மையில் வேலை போனது, ஓவர்டைம் நின்றுபோனது ஆகியவற்றையும் அந்த ஒற்றை எண் காட்டாது. ஊருக்குப் பணம் அனுப்பாத தமிழ்க் குடும்பங்கள் இங்கே எத்தனை இருக்கும்? இதைச் சொல்வதற்கு வெட்கப்படுகிறோம். வெட்கப்பட வேண்டியதே இல்லை. அரசு உதவி நிதியின் படி இதனால் மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பல்கலைக்கழகங்கள் நன்கொடையாளர் பணத்திலிருந்து தனியாகவும் உதவுகின்றன. அங்கே கடிதத்தை ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்கிறார். பணம் அனுப்பிய ரசீதுகள், ஆட்குறைப்புக் கடிதம், மருத்துவக் கட்டணச் சீட்டு ஆகியவற்றை இணைத்து ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதுங்கள். உங்கள் மகளே எழுதட்டும். தன் வீட்டு நிலைமையை அவள் அறிந்துகொள்வது நல்லது.

அரசின் இந்த உதவி நிதி குடிமக்களுக்குத்தான். மகள் நிரந்தரவாசியாக இருந்தால் பல்கலைக்கழகத்தின் சொந்த நிதியையும் கடன்களையும் பற்றி நேரே விசாரியுங்கள். சிண்டாவின் கல்வி உதவி நிதியையும் தனியாகப் பாருங்கள். உங்கள் சம்பளத்திலிருந்து மாதாமாதம் அதற்குப் போகும் பணம் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத்தான். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மீதிக் கட்டணத்துக்குக் கடன் வாங்கும் முன், மகளின் உயர்நிலைக்குப் பிந்திய கல்விக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். பள்ளிக்காலத்தில் அரசு பணம் போட்டுவந்த எடுசேவ் கணக்கின் மீதி அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கும். பலர் அதை மறந்தே போகிறார்கள். கல்விக் கட்டணக் கடன் வருமானம் பார்க்காமல் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை தருகிறது. படிக்கும் காலத்தில் வட்டி கிடையாது, ஒரு பிணையாளர் வேண்டும். சேம நிதியிலிருந்தும் கல்விக்கு எடுக்கலாம். ஆனால் படிப்பு முடிந்தபின் மகள் அதை வட்டியோடு உங்கள் கணக்கில் திருப்பிக் கட்ட வேண்டும். அது உங்கள் ஓய்வுக்காலப் பணம் என்பதால் கடைசியாகத்தான் அதைத் தொடுவேன்.

அமெரிக்காவில் அணுகுமுறை வேறு. அங்கே கல்விக் கட்டணம், தங்குமிடம், உணவு, புத்தகம், பயணம் எல்லாம் சேர்த்து ஓராண்டுச் செலவைப் போடுகிறார்கள். அதிலிருந்து உங்கள் குடும்பத்தால் எவ்வளவு தாங்க முடியும் என்று அவர்கள் கணித்த தொகையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் தேவை. வருமானத்தோடு சேமிப்பு, முதலீடு, சொத்து எல்லாவற்றையும் பார்ப்பார்கள். அந்நாட்டு மாணவர்கள் நிரப்பும் அரசுப் படிவமான ஃபாஃப்சா உங்கள் மகளுக்குப் பொருந்தாது. பல தனியார் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களிடம் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற விரிவான படிவத்தைக் கேட்கின்றன. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி போன்ற சில இடங்களில் உதவி கேட்பது சேர்க்கை முடிவைப் பாதிக்காது, இடம் கிடைத்தால் தேவை முழுவதையும் ஈடுசெய்கிறார்கள். பெரும்பாலான மற்றக் கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவர் உதவி கேட்பதே சேர்க்கையின்போது எடைபோடப்படும். எந்தக் கல்லூரி எந்த வகை என்பதை விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. இன்று மாலை வேலை முடிந்து வந்ததும் உங்கள் மாமியாரின் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, பின்பக்கத்தில் எந்த முகவரி இருக்கிறது என்று பாருங்கள்.