கோச் வீட்டுக்கு வந்தார் என்பதற்காகக் கல்லூரியை முடிவு செய்யாதீர்கள்

ஓஹாயோவில் கொலம்பஸ் பக்கத்தில் வசிக்கும் ஒரு குடும்பம். மகன் இந்த ஆகஸ்டில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிறான். பள்ளி அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் லைன்பேக்கராக ஆடுகிறான். போன வாரம் அவன் அம்மா என்னிடம் பேசும்போது குரல் கம்மியிருந்தது. இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு சிறிய தனியார் கல்லூரியின் கோச் வீட்டுக்கே வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, "உங்கள் பையன் எங்களுக்கு வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதிலிருந்து வீட்டில் தூக்கம் இல்லை. டல்லஸில் இருக்கும் பெரியப்பா, "நம்ம குடும்பத்திலேயே முதல் காலேஜ் ஃபுட்பால் பிளேயர், யோசிக்கவே யோசிக்காதே" என்கிறார். கோயம்புத்தூரிலிருந்து தாய்மாமா, "ஆடினது போதும், டாக்டருக்குப் படிக்க வை" என்கிறார். பையன் வாயே திறப்பதில்லை.

"கவலைப்படாதீங்கம்மா, பிள்ளையைத் தேடி வந்து கேட்கிறார்கள், நல்ல விஷயம்தானே" என்றுதான் நானும் ஆரம்பித்தேன். அப்புறம் கல்லூரி அனுப்பிய கட்டண மதிப்பீட்டையும், அந்த அணியின் மூன்று ஆண்டு மேட்ச் அட்டவணையையும் பார்த்தேன். அதற்குமேல் ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில், கல்லூரி தருவதாகச் சொல்லும் அந்த "ஸ்காலர்ஷிப்" பற்றி. அது ஃபுட்பாலுக்காகக் கொடுத்த பணம் இல்லை. இந்தக் கல்லூரி, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் மூன்று பிரிவுகளில் கடைசியான டிவிஷன் 3-இல் இருக்கிறது. அந்தப் பிரிவில் சுமார் 240 கல்லூரிகள் ஃபுட்பால் ஆடுகின்றன. அவற்றில் ஒன்றுகூட விளையாட்டுக்காக உதவித்தொகை தரக்கூடாது என்பது விதி. ஆண்டுக்கு 28,000 டாலர் என்று எழுதியிருப்பது மதிப்பெண்ணுக்கான தள்ளுபடி. அந்த மாதிரிக் கல்லூரிகளில் புதிதாகச் சேரும் பெரும்பாலான மாணவர்களுக்கு ஏதோ ஒரு தள்ளுபடி உண்டு. ஆண்டுக்கு மொத்தச் செலவு 68,000 டாலர், தள்ளுபடி போக 40,000. ஓஹாயோவில் வசிக்கும் மாணவன் அரசுப் பல்கலைக்கழகமான ஓஹாயோ ஸ்டேட்டில் சேர்ந்தால், எந்த உதவியும் இல்லாமலே தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 30,000 ஆகும். ஆக, உதவித்தொகை வாங்கிக்கொண்டு நான்கு ஆண்டுகளில் 40,000 டாலர் கூடுதலாகக் கட்டப் போகிறீர்கள். பெரியப்பாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். அவர் கட்டப் போகிறாரா என்றும் கேளுங்கள். நான் கோபத்தில் சொல்லவில்லை. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவர்தான் இதில் கருத்துச் சொல்ல வேண்டும்.

கடனிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2026 ஜூலை 1 முதல் பெற்றோர் மத்திய அரசிடம் வாங்கும் பேரண்ட் பிளஸ் கடனுக்கு, ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தம் 65,000 டாலர் என்று உச்சவரம்பு வைத்துவிட்டார்கள். மீதிக்குத் தனியார் வங்கியிடம்தான் போக வேண்டும். அந்த வட்டிக்குள் போகாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் இறங்கி வருவதாக இல்லை.

இப்போது அட்டவணைக்கு வருகிறேன். பெற்றோர் யாரும் அதைப் படிப்பதில்லை, ஆனால் கல்லூரியின் உடல்நிலை அதில்தான் தெரியும். டிவிஷன் 3-இல் ஒரு சீசனுக்குப் பத்து ஆட்டம். பெரும்பாலானவை தன் லீக்குக்குள்ளேயே நடக்கும். மிச்சமிருக்கும் ஒன்றிரண்டுக்கு வெளியே எதிரணி பிடிக்க வேண்டும். சொல்ல எளிது, செய்வது கடினம். ஒப்பந்தம் போட்ட கல்லூரி அணியைக் கலைத்துவிட்டால் அந்த வாரம் காலி. அந்தத் தேதியில் சும்மா இருக்கும் இன்னொரு அணியைத் தேடினால் அது நான்கு மாநிலம் தள்ளி இருக்கும். வெள்ளிக்கிழமை காலையிலேயே பஸ் கிளம்பிவிடும், அன்றைய வகுப்பும் லேபும் போச்சு. அந்த அம்மா எனக்கு அனுப்பிய அட்டவணையில், இரண்டு ஆண்டுகளுக்கு முன் பத்து ஆட்டம், போன ஆண்டு ஒன்பது. இந்த ஆண்டு ஒரே எதிரணியோடு இரண்டு தடவை ஆடுகிறார்கள், ஒரு வாரத்தில் எதிரணியே எழுதப்படவில்லை. எதிரணி பிடிக்க முடியாமல் திணறுகிறார்கள் என்று அர்த்தம்.

இது அந்த ஒரு கல்லூரியின் கதை இல்லை. அயோவாவில் உள்ள கிரின்னல் கல்லூரி 2019-இல் மூன்றே ஆட்டத்தோடு சீசனை நிறுத்தியது. காயம் போக நல்லபடியாக நின்றவர்கள் முப்பது பேர்கூட இல்லை, இனி ஆடுவது ஆபத்து என்று வீரர்களே முடிவு செய்தார்கள். கிரின்னல் ஏழைக் கல்லூரி இல்லை, இருநூறு கோடி டாலர் அளவுக்கு அறக்கட்டளை நிதி வைத்திருக்கும் இடம். பணம் இருந்தது, ஆட வர ஆள் இல்லை. இந்தியானாவில் எர்ல்ஹாம் கல்லூரி தொடர்ந்து 53 ஆட்டம் தோற்று, 2018 சீசனுக்குப் பிறகு ஃபுட்பாலை நிறுத்தி வைத்தது. லாஸ் ஏஞ்சலிஸில் ஆக்ஸிடென்டல் கல்லூரி 2020-இல் கைவிட்டது. கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகம் டிவிஷன் 2-இல் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் எதிரணிகள் குறைந்துபோய், அணி டெக்சாஸ் பக்கத்து லீக்கில் ஒட்டிக்கொண்டது. அந்த லீக்கும் ஒப்பந்தத்தை நீட்டிக்க மாட்டோம் என்றவுடன் 2023 ஏப்ரலில் அணியே போய்விட்டது.

பலம் பொருந்தாவிட்டாலும் அட்டவணை கிழியும். மினசோட்டாவில் செயின்ட் தாமஸ் 2017-இல் ஒரு ஆட்டத்தை 97-0 என்று ஜெயித்தது. இரண்டே ஆண்டில், "உங்களோடு இனி ஆட முடியாது" என்று மற்ற கல்லூரிகள் அதை லீக்கை விட்டே அனுப்பிவிட்டன. அது நேரே டிவிஷன் 1-க்கு ஏறிப் பிழைத்துக்கொண்டது. எல்லாக் கல்லூரிக்கும் அந்த வழி இருக்காது.

அணி மட்டும் இல்லை, கல்லூரியே மூடிவிடுகிறது. மவுண்ட் ஐடா 2018, மெக்மரே 2020, பெக்கர் 2021, மூன்றும் ஃபுட்பால் ஆடிய கல்லூரிகள். அலபாமாவின் பர்மிங்ஹாம்-சதர்ன் 2024 மே 31 அன்று கதவை மூடியது. அதே நாளில் அதன் பேஸ்பால் அணி நம் ஓஹாயோவில், கிளீவ்லாந்து பக்கத்து ஈஸ்ட்லேக்கில், தேசியப் போட்டியின் இறுதிச்சுற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஜெர்சியில் எழுதியிருந்த பெயருக்குக் கல்லூரியே இல்லை.

அடிப்படைக் காரணம் ஆடுகிறவர்கள் குறைந்துபோனதுதான். 2008-09-இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் சுமார் 11 லட்சம் பையன்கள், அணிக்குப் பதினொரு பேர் இறங்கும் வழக்கமான ஃபுட்பாலை ஆடினார்கள். பத்தே ஆண்டில் ஒரு லட்சம் பேர் குறைந்தார்கள். சமீபத்தில் கொஞ்சம் ஏறியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மூளைக் காயம் பற்றிய பயம் வீடுகளை விட்டுப் போகவில்லை. 2017-இல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இறந்த வீரர்களின் மூளைகளைப் பரிசோதித்தபோது, கல்லூரி வரை மட்டும் ஆடிய 53 பேரில் 48 பேருக்கு, தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதால் மூளை சிதையும் சி.டி.இ. பாதிப்பு இருந்தது. அந்த மூளைகள் பெரும்பாலும் சந்தேகம் இருந்த குடும்பங்கள் தானமாகக் கொடுத்தவை. அதனால் எல்லா வீரருக்கும் அப்படி ஆகும் என்று அர்த்தமில்லை. ஆனாலும் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு நான்கு ஆண்டு தலையால் மோத வைக்கும் முன் ஒரு அம்மா இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படியென்றால் கோச் ஏன் வீடு தேடி வந்தார்? நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் ஆண் மாணவர்கள் சேராமல் தவிக்கும் சிறு கல்லூரிகளுக்கு ஃபுட்பால் என்பது ஆள் சேர்க்கும் வழி. ஆயிரம் பேர் படிக்கும் கல்லூரியில் நூறு, நூற்றிருபது பேர் அணியில் இருப்பார்கள். இத்தனை பேரைக் கொண்டுவர வேண்டும் என்ற இலக்கு பல இடங்களில் கோச்சுக்கு உண்டு. அத்தனை பேரும் கட்டணம் கட்டுகிற மாணவர்கள். சனிக்கிழமை களத்தில் இறங்கப் போகிறவர்களோ சிலர்தான்.

அந்த அம்மாவிடம், "ஃபுட்பால் நாளைக்கே இல்லையென்றால் அவன் இந்தக் கல்லூரியில் சேருவானா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அங்கே என்ன படிக்கப் போகிறான் என்பதே எங்களுக்குத் தெரியாது சார்" என்றார்.

சரி, பையனிடம் கொடுங்கள் என்றேன். மெடிசின், கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வழிகள் உங்கள் எல்லாருக்கும் என்னைவிட நன்றாகத் தெரியும். போன சீசனில் உனக்குப் பிடித்த நாள் எது என்று மட்டும் கேட்டேன். ஜெயித்த ஆட்டம் ஒன்றைச் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் சொன்னது கணுக்கால் சவ்வு கிழிந்து ஆறு வாரம் வெளியே உட்கார்ந்த காலத்தை. தினமும் பள்ளியின் அத்லெடிக் டிரெய்னர் அறைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறான். ஒரு கணுக்காலுக்கு டேப் போடுவதை எனக்கு முழுதாக விவரித்தான். முதலில் மெல்லிய நுரைச்சுற்று, மேலே ஒன்று கீழே ஒன்று பிடிமானப் பட்டை, உள்பக்கத்திலிருந்து வெளியே இழுத்து லாடம் மாதிரி மூன்று, அப்புறம் எட்டுப் போடுவது, குதிகால் பூட்டு, சுருக்கம் விழாமல் மூடுவது. "சுருக்கம் விழுந்தால் கொப்புளம் வரும் அங்கிள்" என்றான். அதுவரை ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னவன் பத்து நிமிடம் நிறுத்தாமல் பேசினான்.

அத்லெடிக் டிரெய்னர் என்றதும் ஜிம்மில் பயிற்சி கொடுப்பவர் என்று நம்மவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. இது உரிமம் பெற்றுச் செய்யும் மருத்துவப் பணி. காயத்தைத் தடுப்பது, களத்திலேயே கண்டுபிடிப்பது, முதல் சிகிச்சை, திரும்ப ஆட வைப்பது எல்லாம் இவர் பொறுப்பு. 2023 ஜனவரி 2 அன்று சின்சினாட்டி மைதானத்தில் பஃபலோ தொழில்முறை அணியின் வீரர் டமார் ஹாம்லின் இதயம் நின்று விழுந்தபோது, ஓடி வந்து மார்பை அழுத்தி உயிரைப் பிடித்து வைத்தவர் அந்த அணியின் உதவி அத்லெடிக் டிரெய்னர் டென்னி கெல்லிங்டன்.

ஆகஸ்ட் வெயிலில் இவர்கள் வேலையைப் பார்க்க வேண்டும். காலையிலேயே ஈரப்பதமும் வெயிலும் சேர்த்து அளக்கும் கருவியை மைதானத்தில் வைப்பார்கள். அளவு தாண்டினால் ஹெல்மெட்டைக் கழற்று, பயிற்சியைக் குறை, நிறுத்து என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். ஓரத்தில் ஐஸ் நிரப்பிய தொட்டி தயாராக இருக்கும். வெப்பத்தாக்கு வந்தவனை ஆம்புலன்ஸ் வரும்வரை நிழலில் படுக்க வைத்தால் போதாது. அங்கேயே கழுத்து வரை ஐஸ் தண்ணீரில் இறக்கி, உடல் சூடு 39 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரி. முதல் அரை மணி நேரத்துக்குள் செய்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். 2018-இல் மேரிலாந்து பல்கலைக்கழக வீரர் ஜோர்டன் மெக்நேருக்கு அந்தத் தொட்டி கிடைக்கவில்லை. பத்தொன்பது வயதில் இறந்துபோனார். இன்றும் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் சுமார் மூன்றில் ஒன்றில் அத்லெடிக் டிரெய்னர் இல்லை.

படிக்கும் வழி இது. இப்போது மாஸ்டர்ஸ் கட்டாயம். முதலில் எக்ஸர்சைஸ் சயின்ஸ், கினீசியாலஜி, பயாலஜி போல ஏதாவது ஒரு இளநிலைப் படிப்பு. அதிலேயே உயிரியல், வேதியியல், இயற்பியல், உளவியல், உடற்கூறு, உடலியங்கியல் பாடங்களை முடித்துவிட வேண்டும். பிறகு, இந்தப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பான சி.ஏ.ஏ.டி.இ.யின் அங்கீகாரம் உள்ள இரண்டு ஆண்டு மாஸ்டர்ஸ், அதில் குறைந்தது நான்கு வாரம் முழுநேரமாகக் களத்திலேயே வேலை. கடைசியில் பி.ஓ.சி. என்ற தேசியச் சான்றிதழ்த் தேர்வு, மாநில உரிமம். ஓஹாயோ ஸ்டேட்டிலேயே இந்த மாஸ்டர்ஸ் இருக்கிறது. சில கல்லூரிகளில் இளநிலையின் மூன்றாம் ஆண்டோடு இதைச் சேர்த்து மொத்தம் ஐந்து ஆண்டில் முடிக்கலாம். சிறு கல்லூரித் தள்ளுபடியை விட்டால் மிஞ்சும் அந்த 40,000, மாஸ்டர்ஸ் கட்டணத்தில் பெரும்பகுதிக்கு ஆகும்.

சம்பளத்தை மறைக்க மாட்டேன். நடு அளவு ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டாலர். கம்ப்யூட்டர் படித்த சித்தப்பா பையனோடு ஒப்பிட்டால் தீபாவளிக்கு யாராவது சொல்லிக்காட்டத்தான் செய்வார்கள். வாரக் கடைசிகள் போகும். மேட்ச் தேதி மாறினால் இவர் வாழ்க்கையும் மாறும். நடுவர்கள் கிடைக்காமல் வெள்ளிக்கிழமை ஆட்டத்தை வியாழனுக்கு மாற்றும் பள்ளிகள் இருக்கின்றன, அன்றும் இவர் இருந்தாக வேண்டும். ஆனால் ஒரு ஃபுட்பால் அணி கலைந்தால் இந்தத் தொழில் கலையாது. அதே கல்லூரியில் சாக்கர், மல்யுத்தம், கூடைப்பந்து இருக்கும். ஆஸ்பத்திரியும் ராணுவமும் தொழிற்சாலைகளும் நடனக் குழுக்களும் இவர்களை வேலைக்கு எடுக்கின்றன. பின்னால் பிசியோதெரபி பக்கமோ பிசிஷியன் அசிஸ்டென்ட் பக்கமோ போக நினைத்தாலும் படித்த பாடங்கள் வீணாகாது.

தாய்மாமாவுக்கு ஒரு வார்த்தை. அவர் நல்லதுக்குத்தான் சொல்கிறார். ஆனால் பிள்ளை வாய் திறந்து பேசிய ஒரே விஷயத்தை விட்டுவிட்டு, பேசாத ஒன்றில் எட்டு, பத்து ஆண்டு உட்கார வைக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, அவருக்கும் இல்லை. ஃபுட்பாலை இப்போதே நிறுத்தச் சொல்லவும் இல்லை. கடைசிப் பள்ளி சீசனை அவன் ஆடட்டும்.

அந்தக் கோச்சுக்கு மரியாதையாக நன்றி சொல்லி, அக்டோபர் வரை பதில் தர முடியாது என்று எழுதுங்கள். டிவிஷன் 3-இல் அவர் கையெழுத்து வாங்கினாலும் அது யாரையும் கட்டுப்படுத்தாது, அவசரம் காட்டினால் பயப்பட வேண்டாம். இந்த வாரமே பள்ளியின் அத்லெடிக் டிரெய்னருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆகஸ்ட் முகாம் தொடங்கும்முன், சாக்கர் அணியின் காலைப் பயிற்சி நாட்களில் அவரோடு நின்று பார்க்கலாமா என்று பையனே கேட்டு எழுதட்டும். ஐஸ் தொட்டியை நிரப்ப ஐந்தரை மணிக்கே போக வேண்டியிருக்கும். அந்த வாரம் நீங்கள் அவனை எழுப்பாதீர்கள், அவனாக எழுந்து போகிறானா என்று பாருங்கள். பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள்.